பழைய டிப் தொட்டியும் மண்ணுக்குள் இருக்கும் பாக்டீரியாவும்: ஆர்செனிக் கலந்த நிலத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெரியம்மாவின் நிலத்தில் மேட்டுப்பக்கம் ஒரு நீளமான சிமென்ட் குழி புல் மூடிக் கிடக்கிறது. ஒரு முனையில் செங்குத்தாக இறங்கும், மறுமுனையில் மாடு ஏறி வரப் படிகள், படிகளுக்கு அப்பால் குழியை நோக்கிச் சரிந்த ஒரு சின்ன சிமென்ட் திடல். தென்னாப்பிரிக்காவில் நடாலின் மிட்லாண்ட்ஸ் பக்கம் பழைய பண்ணை நிலம் வாங்கியவர்கள் பலரும் இதைப் பார்த்திருப்பீர்கள். மாட்டு உண்ணியை ஒழிக்க மருந்து கரைத்து வைத்திருந்த டிப் தொட்டி அது. போன வருடம் பெரியம்மா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "தொட்டிக்குக் கீழ எப்பவும் ஈரமா இருக்கு தம்பி, மதும்பி நல்லா வரும், போடலாமா?" மதும்பி என்று இங்கே சொல்வது சேப்பங்கிழங்கு.

நான் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவன். போடாதீங்க என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்டபோதுதான் பேச்சு நீண்டது, ஏனென்றால் அந்தக் கேள்விக்கான பதில் தொட்டியில் பாதியும், மண்ணுக்குள் வாழும் பாக்டீரியாவிடம் பாதியும் இருக்கிறது. அன்றைக்கு நான் சொன்னதையும், அதற்கப்புறம் நாங்கள் செய்து பார்த்ததையும் வரிசையாக இங்கே எழுதுகிறேன். உங்கள் நிலத்திலும் இப்படி ஒரு தொட்டி இருந்தால் இந்த வரிசையிலேயே போகலாம்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். ஆர்செனிக் ஒரு தனிமம். எந்த உயிராலும் அதை அழிக்க முடியாது. பாக்டீரியா அதன் வடிவத்தை மாற்றும், இடத்தை மாற்றும், அவ்வளவுதான். "எங்கள் பாக்டீரியா ஆர்செனிக்கைத் தின்று தீர்த்துவிடும்" என்று யாராவது புட்டியில் அடைத்து விற்க வந்தால் வாங்காதீர்கள்.

படி 1: நிலத்தின் பழைய கதையைக் கேளுங்கள்

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் நின்றது. அதில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் ஒப்பந்தம் முடிந்ததும் கிடைத்த துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டார்கள். என் தாத்தா குடும்பமும் அப்படித்தான். குத்தகைக்குக் கிடைத்த நிலத்தில் முன்னால் என்ன நடந்தது என்று கேட்கிற நிலையில் அப்போது யாரும் இல்லை. இப்போது நாம் கேட்கலாம்.

1902இல் கிழக்குக் கரைக் காய்ச்சல் என்கிற மாட்டு நோய் தென்னாப்பிரிக்காவுக்குள் வந்தது. உண்ணி கடித்துப் பரவும் நோய், மாடுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. அதே 1902இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் ஜோசப் பெய்ன்ஸ் தன் பண்ணையில் டிப் தொட்டி கட்டினார். அதற்கப்புறம் இருபதே வருடங்களில் நடால் முழுக்கத் தொட்டிகள் வந்துவிட்டன. உள்ளே ஊற்றியது சோடியம் ஆர்சனைட் கரைசல். 1930களின் கடைசியில் நீல உண்ணிக்கு ஆர்செனிக் பழகிப்போய் அது சாகாமல் நின்றதும், அடுத்து வந்தவை டிடிடி மாதிரியான மருந்துகள். ஆக ஒரே தொட்டியைச் சுற்றி இரண்டு தலைமுறை விஷமும் இருக்கலாம், பரிசோதனைக்கு அனுப்பும்போது இரண்டையும் கேளுங்கள்.

தொட்டியைப் பார்க்கும்போது மூன்று இடங்களைக் கவனியுங்கள். மாடு வெளியே வந்து உடம்பிலிருந்து மருந்து சொட்ட நின்ற திடலின் ஓரம் ஒன்று. தொட்டியைச் சுத்தம் செய்தபோது அடியில் தேங்கிய சேற்றை வாரிக் கொட்டிய இடம் இரண்டாவது, பெரும்பாலும் பள்ளப் பக்கம் புல் சரியாக முளைக்காத ஒரு சிறு மேடாகத் தெரியும். மழைத் தண்ணீர் அங்கிருந்து ஓடி நிற்கிற தாழ்வு மூன்றாவது. பெரியம்மா மதும்பி போட நினைத்தது அந்த மூன்றாவது இடத்தில்.

தொட்டி இல்லாத நிலத்திலும் ஆர்செனிக் வரலாம். தங்கச் சுரங்கக் கழிவு மேடுகளுக்குப் பக்கத்திலும், பச்சை நிற மருந்து ஏற்றிய பழைய வேலிக்கட்டைகள் குவித்து வைத்த இடத்திலும் பார்க்க வேண்டும்.

படி 2: ஆர்செனிக்கின் இரண்டு வடிவங்களைப் பிரித்துப் பாருங்கள்

நம் பாட்டிமார் பாஷாணம் என்று சொன்ன சரக்கு இதுதான். வெள்ளைப் பாஷாணம், தாளகம், மனோசிலை மூன்றுமே ஆர்செனிக்கின் சேர்மங்கள். மண்ணில் நமக்கு முக்கியமானவை இரண்டு: ஆர்சனைட், ஆர்சனேட். பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் நடத்தை வேறு.

ஆர்சனேட்டில் ஆக்சிஜன் அதிகம். காற்றோட்டமான மண்ணில் இந்த வடிவம்தான் நிலைக்கும். அதற்கு மின்னூட்டம் உண்டு, அதனால் நம் சிவப்பு மண்ணில் இருக்கும் இரும்புத் துருவோடு இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஆர்சனைட் காற்றில்லாத, தண்ணீர் தேங்கிய மண்ணில் வரும் வடிவம். சாதாரண மண்ணின் புளிப்பு அளவில் அதற்கு மின்னூட்டமே கிடையாது, அதனால் பல மண்களில் அது எளிதாகத் தண்ணீரோடு நகரும், உயிருக்கும் கெடுதல் கூட. சரி, தொட்டியில் ஊற்றியது ஆர்சனைட், இன்றைக்கு மேட்டு மண்ணில் நாம் அதிகம் பார்ப்பது ஆர்சனேட். இடையில் மாற்றியது யார்? காற்றே கொஞ்சம் மாற்றும், ஆனால் மெதுவாக. வேகமாக மாற்றுவது பாக்டீரியா.

இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது தென்னாப்பிரிக்காவில், ஒரு டிப் தொட்டியை வைத்துத்தான். அந்தக் காலத்தில் பண்ணைக்காரர்களுக்கு ஒரு பெரிய தலைவலி இருந்தது: சரியான அளவில் கரைத்து ஊற்றிய மருந்து சில வாரங்களில் வீரியம் குறைந்துபோகும். ஆர்னல்ட் தெய்லர் 1908இல் தொடங்கிய ஆண்டர்ஸ்டெபோர்ட் கால்நடை ஆய்வுக்கூடத்தில் எச். எச். கிரீன் அந்தத் தொட்டித் தண்ணீரை எடுத்துப் பார்த்தார். ஆர்சனைட்டை ஆர்சனேட் ஆக்கும் ஒரு பாக்டீரியாவையும், ஆர்சனேட்டைத் திருப்பி ஆர்சனைட் ஆக்கும் இன்னொன்றையும் தனியாகப் பிரித்தார். 1918இல் அதை வெளியிட்டார். ஒரே தொட்டியில் எதிரெதிர் வேலை செய்யும் இரண்டு உயிர்கள். நூறு வருடம் தாண்டியும் இந்தத் துறையில் அந்த ஆய்வுக் கட்டுரை பேசப்படுகிறது. நம் ஊர்த் தொட்டியில் பிறந்த அறிவு அது, எனக்கு அதில் பெருமை உண்டு.

படி 3: பாக்டீரியா எப்படிச் சாகாமல் இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

ஆர்சனேட் பார்வைக்குப் பாஸ்பேட் மாதிரியே இருக்கும். தனிம அட்டவணையில் பாஸ்பரசுக்கு நேர் கீழே ஆர்செனிக். பாஸ்பேட் இல்லாமல் எந்த செல்லும் வாழாது, அதை உள்ளே இழுக்கச் செல்லைச் சுற்றிய சவ்வில் தனி வாசல்கள் வைத்திருக்கும். ஆர்சனேட் அந்த வாசல் வழியாகவே நுழைந்துவிடும். உள்ளே போய் பாஸ்பேட் உட்கார வேண்டிய இடத்தில் உட்காரும், ஆனால் அந்தப் பிணைப்பு நிற்காது, உடனே உடைந்துபோகும், செல்லின் சக்திக் கணக்கு காலியாகும். ஆர்சனைட் வருவது வேறு வாசலில், கிளிசரால் போகும் கால்வாய் வழியாக. உள்ளே வந்ததும் புரதங்களில் கந்தகம் இருக்கும் இடங்களைப் பிடித்து முடக்கிவிடும்.

இந்த இரண்டையும் சமாளிக்க பாக்டீரியா வைத்திருக்கும் ஏற்பாட்டுக்கு ஆர்ஸ் மரபணுத் தொகுப்பு என்று பெயர். மிக எளிய வடிவத்தில் மூன்று மரபணுக்கள். ஆர்ஸ்-ஆர் என்பது காவல்காரன், சாதாரண நாளில் டிஎன்ஏ மேல் உட்கார்ந்து மற்ற இரண்டும் வேலை செய்யாமல் தடுத்து வைத்திருப்பான். செல்லுக்குள் ஆர்சனைட் வந்து அவனைப் பிடித்த உடனே அவன் டிஎன்ஏவை விட்டு விலகிவிடுவான், தொகுப்பு விழித்துக்கொள்ளும். ஆர்ஸ்-பி என்பது செல் சவ்வில் இருக்கும் பம்பு, ஆர்சனைட்டை வெளியே தள்ளும். சில பாக்டீரியாவில் இந்த இடத்தில் ஏசிஆர்-3 என்கிற வேறு பம்பு இருக்கும். ஆர்ஸ்-சி என்பது ஆர்சனேட்டை ஆர்சனைட்டாக மாற்றும் நொதி.

இங்கே எல்லோரும் ஒரு கேள்வி கேட்பார்கள், பெரியம்மாவும் கேட்டார். ஆர்சனைட்தான் அதிக விஷம் என்றால் பாக்டீரியா ஏன் குறைந்த விஷத்தை அதிக விஷமாக மாற்றிக்கொள்கிறது? அந்தப் பம்புக்கு ஆர்சனைட்டை மட்டும்தான் தெரியும். ஆர்சனேட்டையே தள்ளுகிற பம்பு இருந்தால் அது பாஸ்பேட்டையும் சேர்த்து வெளியே கொட்டிவிடும் ஆபத்து உண்டு, இரண்டும் அவ்வளவு ஒத்தவை. அதோடு பூமியின் ஆரம்ப காலத்தில் காற்றில் ஆக்சிஜன் கிடையாது, இருந்தது பெரும்பாலும் ஆர்சனைட்தான், அதனால் ஆர்சனைட் பம்பு முதலில் வந்தது, ஆர்சனேட்டை மாற்றும் நொதி அப்புறம் ஒட்டிக்கொண்டது என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகத்தான் படுகிறது.

சில பாக்டீரியா இன்னும் இரண்டு உதவியாட்களை வைத்திருக்கும். ஈ. கோலை என்கிற குடல் பாக்டீரியாவில் கண்ட ஆர்-773 என்கிற பிளாஸ்மிடில் ஐந்து மரபணுக்கள் உண்டு. அதில் ஆர்ஸ்-டி உள்ளே திரியும் ஆர்சனைட்டைப் பிடித்து ஆர்ஸ்-ஏவிடம் கொடுக்கும், ஆர்ஸ்-ஏ சக்தியைச் செலவழித்துப் பம்பை வேகமாக ஓட்டும். பிளாஸ்மிட் என்பது ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கைமாற்றிக்கொடுக்கக்கூடிய டிஎன்ஏ வளையம். அதனால்தான் ஆர்செனிக் தாங்கும் குணம் மண்ணில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவுகிறது. பார்பர்டன் பக்கத்து ஃபேர்வியூ தங்கச் சுரங்கத்தில் 1986இல் ஆர்செனிக் கலந்த தாதுவைக் கரைக்க பாக்டீரியாவைத் தொட்டிகளில் வளர்க்க ஆரம்பித்தார்கள். வருடங்கள் போகப் போக அந்தக் கூட்டம் ஆர்செனிக்குக்குப் பழகிவிட்டது. ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ராலிங்ஸ் குழுவினர் அதை ஆராய்ந்தபோது, கூடுதல் ஆர்ஸ் மரபணுக்கள் இடம் விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டில் உட்கார்ந்திருந்தன.

இன்னொன்று, 2010இல் அமெரிக்காவின் மோனோ ஏரியில் எடுத்த பாக்டீரியா ஒன்று பாஸ்பரசுக்குப் பதிலாக ஆர்செனிக்கை வைத்தே டிஎன்ஏ கட்டுகிறது என்று பெரிய செய்தி வந்தது, இன்றும் அதைப் பகிர்கிறார்கள். 2012இல் வேறு குழுக்கள் சோதித்து, அது ஆர்செனிக்கைத் தாங்குகிறது, ஆனால் அதற்கும் பாஸ்பேட் வேண்டும் என்று காட்டிவிட்டன. பகிராதீர்கள்.

படி 4: தாங்குவதும் பிழைப்பதும் வேறு என்று பாருங்கள்

மேலே சொன்னது தற்காப்பு. ஆர்செனிக்கை வைத்தே பிழைப்பு நடத்தும் பாக்டீரியாவும் உண்டு, நிலத்தில் பெரிய மாற்றம் பெரும்பாலும் இவற்றால்தான்.

முதல் கூட்டம் ஆர்சனேட்டைச் சுவாசிக்கும். நாம் ஆக்சிஜனைச் சுவாசிக்கிற மாதிரி, காற்றில்லாத சேற்றில் இவை ஆர்சனேட்டைப் பயன்படுத்தும், வேலை முடிந்து வெளியே விடுவது ஆர்சனைட். இப்படி ஒரு பாக்டீரியா இருப்பது 1994இல்தான் உறுதியானது. இதைச் செய்யும் நொதிக்கு ஆர் என்று பெயர், ஆர்ஸ்-சியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆர்ஸ்-சி செல்லுக்குள் வந்ததை மட்டும் மாற்றும். ஆர் நொதி செல்லின் வெளி அடுக்கில் உட்கார்ந்திருப்பதால் சுற்றி இருப்பதைத் தொடர்ந்து மாற்றிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் ஆர்செனிக் மருந்து ஏற்றிய மரத்தூணிலிருந்து எடுத்த ஷெவனெல்லா ஏஎன்ஏ-3 என்கிற பாக்டீரியாவிடம் இரண்டுமே இருக்கின்றன.

இரண்டாவது கூட்டம் இதற்கு நேர்மாறு. காற்று இருக்கும் இடத்தில் ஆர்சனைட்டை ஆர்சனேட்டாக மாற்றும், நொதியின் பெயர் ஐயோ. பல பாக்டீரியா இதை விஷத்தைக் குறைக்க மட்டும் செய்யும். சிலவற்றுக்கோ அதுவே சாப்பாடு. ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கம் ஒன்றிலிருந்து எடுத்த என்டி-26, ஆர்சனைட்டும் ஆக்சிஜனும் காற்றின் கரியமில வாயுவும் இருந்தால் போதும், 7.6 மணி நேரத்தில் இரண்டாகப் பெருகிவிடும். கிரீன் கண்ட முதல் பாக்டீரியா செய்ததும் ஆர்சனைட்டை ஆர்சனேட்டாக மாற்றும் இதே வேலைதான்.

மூன்றாவது கூட்டத்துக்கு ஆர்செனிக்கோடு நேரடிப் பகையோ உறவோ கிடையாது, ஆனால் நம் நிலத்துக்கு இவைதான் ரொம்ப முக்கியம் என்று நான் சொல்வேன். ஜியோபாக்டர் மாதிரி இரும்புத் துருவைச் சுவாசிப்பவை. தண்ணீர் தேங்கிக் காற்று தீர்ந்ததும் துருவைக் கரைத்துவிடும். துரு கரைந்தால் அதில் ஒட்டியிருந்த ஆர்செனிக் பிடி இழந்து தண்ணீரில் இறங்கும்.

அப்புறம் ஆர்செனிக்கோடு மெத்தில் சேர்த்து ஆவியாக்குகிறவை. ஆர்ஸ்-எம் என்கிற நொதி இதைச் செய்யும். கடைசியில் வரும் வாயுவுக்குப் பூண்டு வாடை. 1890களில் இத்தாலியில் கோசியோ, ஆர்செனிக் பச்சை பூசிய சுவரில் பூஞ்சை வளர்ந்தால் இந்த வாயு வருகிறது என்று காட்டினார். மண்ணில் இப்படிப் போவது பெரும்பாலும் சொற்பம், இதனால் நிலம் சுத்தமாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

படி 5: ஒரு ஜாடியில் நீங்களே பாருங்கள்

இதற்கு ஆர்செனிக் வேண்டாம், தொட்டி மண்ணும் வேண்டாம். சுத்தமான இடத்திலிருந்து, ஃப்ளே என்று இங்கே சொல்லும் சதுப்பின் ஓரத்து மண்ணாகப் பார்த்து எடுங்கள். மேட்டுச் சிவப்பு மண்ணில் மாற்றம் தெரிய ரொம்ப நாள் பிடிக்கும். ஊறுகாய் ஜாடியில் பாதிக்கு மண் போட்டு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை கலந்து, மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்கும்படி ஊற்றி, மூடியைத் தளர்வாக வைத்து ஜன்னல் ஓரம் நிழலில் விடுங்கள்.

மூன்றாம் நாள் குமிழி வரும். ஒரு வாரம், இரண்டு வாரத்தில் அடிமண்ணின் பழுப்பு வெளிறிச் சாம்பலாகும், சில இடங்களில் லேசான நீலப்பச்சை. தண்ணீர் தொடும் மேல் விளிம்பில் மட்டும் ஒரு மெல்லிய துரு வளையம் நிற்கும். பெரியம்மாவின் சமையல் மேடையில் வைத்த ஜாடியில் பன்னிரண்டாம் நாள் அந்த வளையம் நூல் கட்டின மாதிரி தெளிவாக இருந்தது. அடியில் துரு கரைந்து, மேலே காற்று படும் இடத்தில் மறுபடி துருவாகிறது. அந்தத் துருவோடு ஆர்செனிக் ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. "அப்ப ஈரம்தான் எதிரி" என்றார். ஈரமும் சாப்பாடும் சேர்ந்தால், என்றேன். சர்க்கரை போடாத இன்னொரு ஜாடி பக்கத்தில் அதே பழுப்பாகவே இருந்தது.

வளமான சாணி எருவைத் தண்ணீர் தேங்கும் நிலத்தில் கொட்டினால் நடப்பது அந்தச் சர்க்கரை செய்ததுதான்.

படி 6: மண்ணை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்

கையுறை போடுங்கள், மண் தூசி பறக்கும் வறண்ட காற்று நாளில் தோண்டாதீர்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். முதல் படியில் சொன்ன மூன்று இடங்களிலும், சரிவில் ஐந்து, பத்து, இருபது மீட்டர் தள்ளியும், கடைசியாகத் தொட்டிக்கு மேலே மருந்து படாத ஒரு இடத்திலும் எடுக்க வேண்டும். அந்தச் சுத்தமான இடத்து மண் இல்லாமல் ஒப்பிட எதுவும் இருக்காது. மேல் 15 செ.மீ. ஒரு பை, அதற்குக் கீழ் 30 செ.மீ. வரை இன்னொரு பை.

மொத்த ஆர்செனிக் அளக்க நிழலில் உலர்த்திய மண் போதும். பாக்டீரியா பார்க்கவோ, ஆர்சனைட் எவ்வளவு ஆர்சனேட் எவ்வளவு என்று பிரிக்கவோ வேண்டுமானால் உலர்த்தக் கூடாது. பையைக் காற்றில்லாமல் அமுக்கிக் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, மறுநாளே கூடத்துக்குப் போக வேண்டும். வழியில் காற்று பட்டால் ஆர்சனைட் ஆர்சனேட்டாக மாறிவிடும், காகிதத்தில் வரும் எண் உங்கள் நிலத்தின் எண்ணாக இருக்காது.

தென்னாப்பிரிக்காவின் 2014ஆம் ஆண்டு மாசு நில விதிகளில் ஆர்செனிக்குக்கு மிகக் கடுமையான முதல் வரம்பு ஒரு கிலோ மண்ணுக்கு 5.8 மி.கி. அதைத் தாண்டினால் உடனே ஆபத்து என்று அர்த்தம் இல்லை, மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று அர்த்தம். போர்ஹோல் தண்ணீர் குடிக்கிறீர்களா? அதையும் அனுப்புங்கள். குடிநீர் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஆர்செனிக்குக்கு நிறமோ ருசியோ கிடையாது. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்றுவதால் அளவு இன்னும் கூடும்.

படி 7: தாங்கும் பாக்டீரியாவைக் கூடத்தில் பிரிப்பது

இது கல்லூரியில் நுண்ணுயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு. வீட்டில் செய்யக் கூடாது, ஆர்செனிக் உப்பு கையாளப் பழகியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒரு கிராம் மண்ணை ஒன்பது மில்லி தண்ணீரில் கலக்கி, பத்துப் பத்து மடங்காக நீர்க்க வைத்து, அகார் தட்டுகளில் பரப்புங்கள். ஆர்செனிக் இல்லாத தட்டு ஒன்று, ஆர்சனைட் 1, 5, 10 மில்லிமோலார், ஆர்சனேட் 10, 50, 100 மில்லிமோலார். 28 டிகிரியில் ஒரு வாரம். ஆர்சனேட் அளவை அவ்வளவு உயர்த்தியும் வளர்கிறதே என்று ஆச்சரியப்படாதீர்கள், ஆர்சனைட்டை விட ஆர்சனேட்டைப் பல மடங்கு தாங்குவது சகஜம்.

தட்டுகளில் பாஸ்பேட் குறைவாக இருக்க வேண்டும். பாஸ்பேட் நிறைய இருந்தால் வாசலில் ஆர்சனேட்டோடு போட்டி போட்டு அதை உள்ளே விடாது, தாங்கும் சக்தியே இல்லாத பாக்டீரியாவும் வீரன் மாதிரி வளரும்.

ஒரு வாரம் கழித்து வெள்ளி நைட்ரேட் கரைசலைத் தட்டின் மேல் ஊற்றுங்கள். ஆர்சனேட் இருக்கும் இடம் செங்கல் பழுப்பாகும், ஆர்சனைட் இருக்கும் இடம் மஞ்சளாகும். ஆர்சனைட் தட்டில் ஒரு கூட்டத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் வந்தால் அது ஆர்சனைட்டை மாற்றுகிறது. நான் முதல் முறை செய்தபோது எல்லாத் தட்டும் ஒரே மஞ்சள். ஆர்சனேட் தட்டுகூட. ஒரு நாள் முழுக்க அதை நம்பிக்கொண்டு, மண்ணில் இருக்கும் எல்லாமே ஆர்சனேட்டைக் குறைக்கிறது என்று எழுதி வைத்துவிட்டேன். பாக்டீரியாவே போடாத வெறும் தட்டில் ஊற்றிப் பார்த்தபோது அதுவும் மஞ்சள். வெள்ளி பாஸ்பேட்டும் மஞ்சள் நிறம்தான், நான் பாஸ்பேட் குறைக்காத ஊடகத்தை எடுத்திருந்தேன். அதனால் சொல்கிறேன், வெறும் தட்டு ஒன்றை எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள். உப்பு அதிகமானால் வெள்ளி குளோரைடு வெண்மையாகப் படிந்து நிறத்தை மறைக்கும், அதையும் பாருங்கள்.

காற்றில்லாத கூட்டத்தைப் பார்க்க, மூடிய புட்டியில் லாக்டேட்டும் ஆர்சனேட்டும் கொடுத்து வளர்க்கலாம். சல்பேட்டும் இருந்தால் சில நேரம் அடியில் பளிச்சென்ற மஞ்சள் பொடி படியும். அது ஆர்செனிக் சல்பைடு, சித்த வைத்தியர் தாளகம் என்று சொல்வதோடு ஒரே சேர்மம். 1997இல் இப்படித் தாளகம் செய்யும் ஒரு பாக்டீரியாவுக்கு அந்த லத்தீன் பெயரையே வைத்தார்கள், ஆரிபிக்மென்டம் என்று.

சுத்தமான மண்ணிலும் தாங்கும் பாக்டீரியா வரும். ஆர்ஸ் மரபணு எங்கும் பரவிக் கிடக்கிறது. ஆர்செனிக் இல்லாத தட்டில் நூறு வளர்ந்தால் ஆர்செனிக் தட்டில் எத்தனை வளர்கிறது என்கிற விகிதத்தைத் தொட்டி மண்ணுக்கும் சுத்த மண்ணுக்கும் ஒப்பிடுங்கள், சேதி அங்கேதான் இருக்கிறது. தட்டுகளையும் கரைசல்களையும் ஆர்செனிக் கழிவு என்று எழுதித் தனியாக ஒப்படையுங்கள், கை கழுவும் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்.

படி 8: நிலத்தில் செய்ய வேண்டியது

இவ்வளவு பார்த்த பிறகு வேலை எளிதாகிறது. மண்ணில் எல்லாக் கூட்டமும் ஏற்கெனவே இருக்கிறது, வெளியிலிருந்து கொண்டுவந்து போட்ட பாக்டீரியா திறந்த நிலத்தில் பெரும்பாலும் உள்ளூர்க் கூட்டத்தோடு போட்டி போட்டு நிற்பதில்லை. காற்றை உள்ளே விட்டால் ஆர்சனைட்டை மாற்றும் கூட்டம் மேலோங்கும், துரு நிற்கும், ஆர்செனிக் ஒட்டிக்கொண்டு இருந்த இடத்தில் இருக்கும். தண்ணீரைத் தேக்கினால் மற்றக் கூட்டம்.

ஆகவே முதலில் தண்ணீரைத் திருப்புங்கள். மேட்டில் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி மழைத் தண்ணீர் தொட்டியைச் சுற்றிப் போகும்படி செய்யலாம். வெட்டும்போது கறைபட்ட மண்ணைத் தொடாதீர்கள், அதற்கு மேலேயே வெட்டுங்கள். தொட்டியைச் சுற்றிப் புல் அடர்த்தியாக இருக்கட்டும், வேலி போடுங்கள், மாடு மேய விடாதீர்கள்.

பாஸ்பேட் உரத்தை அந்தப் பக்கம் கொட்டாதீர்கள். துருவில் ஆர்சனேட் உட்கார்ந்த இடத்தைப் பாஸ்பேட் பிடித்துக்கொண்டு ஆர்சனேட்டைத் தண்ணீரில் தள்ளிவிடும். சுண்ணாம்பை அள்ளி வீசுவதும் அதே கெடுதல், மண் காரமானால் பிடி தளரும். இரும்பு சேர்ப்பது உதவும், ஆனால் இரும்பு சல்பேட் மண்ணைப் புளிக்க வைக்கும், அளந்த சுண்ணாம்போடுதான் போட வேண்டும். மண் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தெரிந்தவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

காய்கறி விஷயத்தில், வரம்பு தாண்டிய மண்ணில் கீரையும் கிழங்கும் வேண்டவே வேண்டாம். வேரிலும் இலையிலும் ஆர்செனிக் அதிகம் சேரும், காயில் குறைவு. இலையில் ஒட்டிய மண் தூசி வயிற்றுக்குள் போவது இன்னும் பெரிய வழி, கொத்தமல்லியை எவ்வளவு அலசினாலும் கொஞ்சம் மண் நிற்கும். டெரிஸ் விட்டாட்டா என்கிற பெரணி ஆர்செனிக்கை இழுத்து இலையில் சேர்க்கும் என்று 2001இல் கண்டார்கள், நிலத்தைச் சுத்தம் செய்ய அதை நடுகிறவர்கள் உண்டு. செய்யலாம், வருடக்கணக்கில் ஆகும், வெட்டிய இலை முழுக்க விஷக் கழிவு. எரித்தால் ஆர்செனிக் புகையில் போகும். கழிவை ஒப்படைக்க வழி இல்லாதவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே மேல் என்று நினைக்கிறேன்.

பெரியம்மா நிலத்தில் திடல் ஓரமும் சேற்று மேடும் வரம்பைத் தாண்டித்தான் இருந்தன, கீழ்த் தாழ்விலும் சுத்த மண்ணை விடக் கூடுதலாக வந்தது. போர்ஹோல் தண்ணீர் வரம்புக்குள் இருந்தது, வருடம் ஒரு முறை மழைக்காலம் முடிந்ததும் மறுபடி அனுப்புவதாக வைத்திருக்கிறோம். கத்தரியும் பாகலும் வீட்டுக்குக் கிழக்கே, பரிசோதித்த மண்ணில். மதும்பியை விட அவருக்கு மனம் வரவில்லை, அதனால் சமையலறைக்குப் பின்னால் பாதியாக அறுத்த நான்கு டிரம்களில் வாங்கிய மண்ணைப் போட்டு நட்டிருக்கிறார். துரு வளையம் வந்த அந்த ஜாடி இன்னும் ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது, தூக்கிப் போட விடமாட்டேன் என்கிறார்.